விடியுமுன் வற்றும் கடல்

காலை நாலரை மணி. சிங்கப்பூர்க் கடலின் நடுவே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பக்கம் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், இன்னொரு பக்கம் ஜூரோங் தீவு, தெற்கே புக்கோம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் விளக்குகள். இந்த மூன்றுக்கும் இடையில் கிடக்கிறது சைரீன் பவளத்திட்டு. மலாயில் தெரும்பு பண்டான் என்பார்கள். பெரும்பாலான நேரம் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும்போது மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் முதுகைக் காட்டும்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு சுற்றுச்சூழல் படிக்கிறேன். ஜூன் விடுமுறையில் மூன்று நாள் கடல் பயணம், பாடத்தின் ஒரு பகுதி. பன்னிரண்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு படகு. ஆண்டின் நடுவில் இங்கே கடல் மிகத் தாழ வற்றுவது விடியலுக்கு முன்னால்தான். அதனால் முதல் நாள் இரவு இரண்டரைக்கே எழுந்து வெஸ்ட் கோஸ்ட் படகுத்துறைக்குப் போனோம். அம்மா இட்லி கட்டிக் கொடுத்திருந்தார். படகில் எல்லாரும் பங்கு போட்டுத் தின்றோம்.

தெலோக் பிளாங்காவில் பதினாலாவது மாடியில் எங்கள் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தென் தீவுகள் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். இந்த இருபத்தோரு வருடத்தில் ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த பல வீடுகளிலும் விடுமுறை என்றால் ஜொகூர் பாரு, இல்லையென்றால் ஊர். கடற்கரைக்குப் போனாலும் ஈஸ்ட் கோஸ்டோடு சரி. அந்தத் தீவுகளுக்கும் நமக்கும் ஒன்றுமில்லை என்று நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் வேலை கடற்புல் அளப்பது. 50 மீட்டர் அளவு நாடாவைத் தரையோடு இழுத்துக் கட்டி, ஐந்து மீட்டருக்கு ஒரு இடத்தில் அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைக்க வேண்டும். சட்டத்துக்குள் எத்தனை சதவீதம் புல், என்னென்ன வகை, இலையின் நீளம் எவ்வளவு என்று நனையாத தாளில் பென்சிலால் குறிக்க வேண்டும். ஒரு நாடாவுக்குப் பதினொரு சட்டம், மூன்று நாடாவுக்கு முப்பத்து மூன்று. கேட்கச் சுலபமாக இருக்கும். இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், காலடியில் கல்மீன் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நடக்கும்போதுதான் அதன் அருமை புரியும். முதல் நாடாவில் சட்டத்தை நாடாவின் தவறான பக்கத்தில் வைத்து நாலு இடம் அளந்துவிட்டேன். ஆசிரியர் திட்டவில்லை. "மறுபடி செய், இந்தக் கணக்கை நம்பித்தான் இன்னொருவர் அடுத்த வருடம் ஒப்பிடுவார்" என்றார். மறுபடி செய்தேன்.

மூன்றாவது நாடாவில் இருக்கும்போது தண்ணீரில் வெள்ளையாகத் துகள்கள் மிதந்து வந்தன. தெர்மோகோல் உடைந்து மிதக்கிறது, நகரத்துக் குப்பை என்று நினைத்து எரிச்சலாக இருந்தது. ஆசிரியர் குனிந்து உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளிக் காட்டினார். எல்லாமே பூக்கள். நாடாப்புல் என்று சொல்லலாம், ஒரு மீட்டருக்கு மேலும் வளரும் நீண்ட இலைக்காரப் புல், அதன் ஆண் பூக்கள். அரிசிக் குருணையைவிடச் சற்றுப் பெரியது. அடியில் முளைத்துக் காம்பிலிருந்து கழன்று, மேலே வந்து, தண்ணீர் நனைக்காமல் அதன் மேல் நிற்கிறது. லேசாக ஊதினால் பனிச்சறுக்குப் போல ஓடுகிறது. பெண் பூ நீண்ட காம்போடு மேற்பரப்புக்கு வந்து, மடிப்பு மடிப்பான இதழை விரித்துக் காத்திருக்கும். கடல் நன்றாக வற்றும் நாட்களில்தான் பெண் பூ மேலே எட்டும், இரண்டும் சந்திக்கும். பெரும்பாலான கடற்புற்களில் மகரந்தம் தண்ணீருக்கு அடியில்தான் சேரும். பின்னால் பெட்டி பெட்டியாகச் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், முன்னால் இது நடக்கிறது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெளிச்சம் வர வர முண்டு நட்சத்திர மீன்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. விரித்த கை அளவு, சில தட்டு அளவு. முதுகில் கறுப்பும் பழுப்புமாக முண்டுகள். ஒன்றை நனைந்த உள்ளங்கையில் சில நொடி வைத்துக்கொண்டேன். அடியிலிருக்கும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் தோலைத் தடவிப் பார்த்தன. அப்புறம் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

"ஆயேர் நாயிக்" என்று படகோட்டி குரல் கொடுத்தார். நாங்கள் அவரைப் பாக்சிக், அதாவது மலாயில் மாமா, என்றுதான் கூப்பிட்டோம். தண்ணீர் ஏறுகிறது. ஆசிரியரின் அட்டவணைப்படி இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆனால் பாக்சிக் ஒரு மணல் வரியின் ஓரத்தைக் காட்டினார். உண்மைதான், வரி பாதி மறைந்திருந்தது. அவர் தன்னை ஓராங் புலாவ், தீவுக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வார். புலாவ் சூடோங்கில் பிறந்தவர். அந்தத் தீவு இப்போது ராணுவப் பயிற்சிக்கு. அவரே அங்கே இறங்க முடியாது. கடந்து போகும்போது எந்தப் பக்கம் வீடு இருந்தது என்று கையைக் காட்டினார், வேறு எதுவும் சொல்லவில்லை.

அன்று பகலில் இன்னும் தெற்கே போனோம், புலாவ் சாத்துமு. சாத்து என்றால் மலாயில் ஒன்று. ஒற்றை மரத் தீவு என்று பொருள் சொல்கிறார்கள். அதன் மேல் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம். அனுமதியில்லாமல் இறங்க முடியாது, எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகிலிருந்தே பார்த்தோம். 1854 மே மாதம் அடிக்கல் வைத்து, 1855 இறுதியில் விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். கருங்கல் புலாவ் உபினிலிருந்து வந்தது. அதை வெட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அப்படிப்பட்ட கைதிகளின் முதல் கூட்டம் 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. அந்த 80 பேரும் மதராஸைச் சேர்ந்தவர்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் கைதிகள் கட்டியது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். நடுக்கடலில் இருக்கும் இந்தக் கல்லிலும் அவர்கள் கை இருக்கிறது என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. படகு அலையில் ஆடிக்கொண்டிருந்தது. தோழி வாந்தி எடுத்தாள். அதிக நேரம் அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டு இரவும் செயிண்ட் ஜான்ஸ் தீவில் தங்கல். இதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும்.

தீவில் இறங்கும் முன்பே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என் அப்பாயியின் அம்மா 1936ல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். கட்டிக்கொடுத்த புதிது, கணவர் ஏற்கெனவே இங்கே. ஒரு வாரத்துக்கு மேல் டெக்கில் பயணம். சிங்கப்பூர் தெரிந்தது, ஆனால் சிங்கப்பூரில் இறக்கவில்லை. டெக்குப் பயணிகளை இந்தத் தீவில் இறக்கி, அம்மை குத்தி, மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, துணிமணியை எல்லாம் வாங்கி நீராவியில் வேகவைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நகரத்துக்கு அனுப்புவார்கள். அவருடைய கூறைப்புடவையும் அந்த நீராவிக்குள் போனது. திரும்பி வந்தபோது அரக்குச் சாயம் மஞ்சள் கரைக்குள் இறங்கியிருந்தது. அதை அவர் பிறகு கட்டவேயில்லை, தூக்கியும் போடவில்லை. இப்போது அப்பாயியின் பெட்டியில் இருக்கிறது. நான் விரித்துப் பார்த்திருக்கிறேன். மடிப்பு இருந்த இடமெல்லாம் சாயம் கோடு கோடாக ஊறியிருக்கும்.

1873ல் நகரத்தில் காலரா பரவியதை அடுத்து, 1874ல் இங்கே நோய்த்தடுப்பு நிலையம் அமைத்தார்கள். சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள், மக்காவிலிருந்து திரும்பிய ஹஜ் பயணிகள் என்று பல பத்தாண்டுகள் ஆயிரக்கணக்கானோர் இந்த மண்ணை மிதித்த பிறகுதான் நகரத்தை மிதித்தார்கள். போருக்குப் பிறகு அரசியல் கைதிகளை வைத்தார்கள். பின்னாளில் நாட்டின் அதிபரான தேவன் நாயரும் 1951ல் இங்கே காவலில் இருந்தவர். 1955ல் அபினுக்கு அடிமையானவர்களுக்கு மறுவாழ்வு மையம் வந்தது. 1970களின் நடுவில்தான் இது விடுமுறைத் தீவானது.

இப்போது பெரிய மரங்களும் புல்வெளியும் பூனைகளும். இவ்வளவு பூனைகளை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. சனிக்கிழமைக் கூட்டம் துறையிலிருந்து நேரே பாலம்போல் இணைத்திருக்கும் பாதை வழியாக லாசரஸ் தீவின் வெள்ளை மணலுக்குப் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை, மணல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் ஒரு முறையாவது வந்து நிற்க வேண்டிய இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மில் எத்தனை பேரின் முதல் காலடி இங்கே விழுந்தது! மாலையில் தனியாகத் துறைமேடைக்குப் போனேன். எதிரே நகரத்தின் கட்டடங்கள் அத்தனை விளக்கோடும் நிற்கின்றன. 1936ல் இவ்வளவு வெளிச்சம் இருந்திருக்காது. ஆனாலும் ஏதாவது தெரிந்திருக்கும். கணவர் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம், நடுவில் இந்தத் தண்ணீர்.

அங்கிருந்தே அப்பாயிக்குப் போன் செய்தேன்.

"எங்கம்மா இருக்க?"

"செயிண்ட் ஜான்ஸ் தீவுல அப்பாயி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அங்க குளிக்கிற தொட்டி இருக்கான்னு பாத்தியா? வரிசையில நிக்க வச்சு ஊத்துவாங்களாம். தண்ணி கண்ணெல்லாம் எரியுமாம்."

தொட்டி எதுவும் என் கண்ணில் படவில்லை என்றேன்.

மறுநாள் காலை முழுக்கத் தீவில் இருக்கும் கடல் ஆய்வுக்கூடத்தில். 2002லிருந்து இயங்குகிறது. வெளித்தொட்டிகளில் ராட்சதச் சிப்பிகள் வளர்க்கிறார்கள். சிங்கப்பூர்க் கடலில் இவை இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று தூரத்தில் இருப்பதால் இனப்பெருக்கமும் கஷ்டம். அதனால்தான் இங்கே வளர்த்துத் திட்டுகளில் கொண்டுபோய் வைக்கும் முயற்சி. தொட்டிமேல் குனிந்ததும் என் நிழல் பட்டு, பக்கத்திலிருந்த சிப்பி சட்டென்று வாயைச் சுருக்கிக்கொண்டது. அந்த வண்ணச் சதை ஓரம் முழுக்கச் சிறுசிறு கண்கள். சதைக்குள் பாசி வாழ்கிறது. அது வெயிலில் சமைப்பதைத்தான் சிப்பி பெரும்பாலும் சாப்பிடுகிறது. நான் அசையாமல் நின்றேன். ஒரு நிமிடம் கழித்து மெதுவாகத் திறந்தது. நீலமும் பழுப்புமாக, பட்டுக்கரை விரிவது போல.

நம் கடலில் 250க்கும் மேற்பட்ட கல்பவள வகைகள் உண்டு. நிலமீட்பில் பவளத்திட்டுகளில் பாதிக்கும் மேல் போன பிறகும் இவ்வளவு. 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்த ஆண்டுகளை ஆசிரியர் பலகையில் எழுதினார். முதல் இடைவெளி பன்னிரண்டு வருடம், அதற்குப் பிறகு ஆறும் எட்டும்தான் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களே பார்த்துக்கொண்டோம்.

அன்று பிற்பகல் குசு தீவில் ஒரு மணி நேரம். 1923ல் கட்டிய துவா பெக் கோங் சீனக் கோயில், குன்றின் மேல் கெராமாட்டுகள் என்னும் மலாய்ப் புனிதர் சமாதிகள், 152 படி. ஏறி இறங்கினேன், வெயில் மண்டையைப் பிளந்தது.

மூன்றாம் நாள் செமாக்காவ். நம் வீட்டுக் குப்பை எரிந்து சாம்பலானதும் படகேறி இங்கேதான் வருகிறது. 1999 ஏப்ரலிலிருந்து. ஏழு கிலோமீட்டர் நீளக் கரை கட்டிக் கடலை வளைத்து, உள்ளே ஊறாத விரிப்பு போட்டு நிரப்புகிறார்கள். 2035வாக்கில் இடம் நிறைந்துவிடும் என்கிறார்கள். நாற்றம் இருக்கும் என்று மூக்கைப் பொத்தத் தயாராகப் போனேன், எந்த நாற்றமும் இல்லை. கரை கட்டியபோது பாதிக்கப்பட்ட அலையாத்திக் காட்டுக்கு ஈடாகச் சுமார் 13 ஹெக்டேரில் புதிதாக நட்டிருக்கிறார்கள், நன்றாக வளர்ந்து நிற்கிறது. மேற்குப் பக்கம் போனால் மனிதன் தொடாத பழைய கடற்புல்வெளி. அங்கே கடைசி முப்பத்து மூன்று சட்டங்கள். ஒன்றைக்கூட மறுபடி அளக்க வேண்டியிருக்கவில்லை. எதிர்க்கரையில் சாம்பல், என் காலடியில் புல், புல்லுக்குள் விரல் நீளக் கடல்குதிரை ஒன்று வாலால் இலையைப் பிடித்துக்கொண்டு ஆடியது. இனி வீட்டில் குப்பைப் பையைக் கட்டும்போது இந்த இடம் ஞாபகம் வரும்.

வீட்டுக்கு வந்து உப்பெல்லாம் போகக் குளித்துவிட்டு அப்பாயி அறைக்குப் போனேன். பெட்டியைத் திறந்து கூறைப்புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து பயணிகள் படகு இருக்கிறது, அரை மணி நேரம் போலத்தான் ஆகும், அடுத்த ஞாயிறு போகலாமா என்று கேட்டேன். மூட்டுவலிக்காரர். படகிலிருந்து இறங்கும் இடத்தில் படி உயரமா என்று கேட்டார். கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அப்படியானால் காலையிலேயே போய்விடலாம், வெயில் ஏறுவதற்குள் என்றார்.