கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் காணாமல் போன கடிதங்கள்

மின்னஞ்சலில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால், கடவுச்சொல்லை மாற்றிவிட்டுக் கணினியை ஸ்கேன் செய்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டையும் செய்து முடித்த பிறகும் எனக்கு வரவேண்டிய கடிதங்கள் வரவில்லை.

கிருஷ்ணகிரியில் உறவினர் ஒருவர் நடத்தும் மாங்கூழ் ஆலையின் பில்களையும் கடிதப் போக்குவரத்தையும் வீட்டுக் கணினியிலிருந்து ஜிமெயில் வழியாகக் கவனித்து வருகிறேன். பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஜூன் மாதத்தில், எங்களிடம் சரக்கு எடுக்கும் கொச்சி நிறுவனத்தின் கணக்காளர் தொலைபேசியில் அழைத்து, வங்கிக் கணக்கை ஏன் திடீரென்று மாற்றினீர்கள் என்று கேட்டார். அப்படியொரு கடிதத்தை நாங்கள் எழுதவே இல்லை. ‘அனுப்பியவை’ பகுதியிலும் அது இல்லை. ஆனால் அவர் வாட்ஸப்பில் அனுப்பிய நகலில் பில் எண், டிரம்களின் எண்ணிக்கை, தொகை என அனைத்தும் அச்சுப் பிசகாமல் இருந்தன. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் மட்டுமே வேறு. பணம் போடும் முன் அவர் ஒரு வார்த்தை கேட்டது எங்கள் நல்ல காலம்.

கடவுச்சொல் மாற்றம், இரட்டைச் சரிபார்ப்பு, விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஆகியவை அன்று மாலைக்குள் முடிந்தன; ஸ்கேனில் எதுவும் சிக்கவில்லை. அப்படியிருந்தும் மறுநாள் கணக்காளர் அனுப்பிய பதில் என் இன்பாக்ஸுக்கு வந்து சேரவில்லை. ரவுண்டானா பக்கத்தில் உள்ள ஒரு கணினிக் கடைக்கு சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் சொன்னதை முழுதாகக் கேட்பதற்கு முன்பே கடைக்காரர், “வைரஸ்தான் சார், ஃபார்மேட் பண்ணி ஓஎஸ் புதுசா போட்டுடலாம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடிதங்கள் கூகுள் சர்வரில் இருக்கும்போது என் வன்தட்டை அழித்து என்ன பயன் என்று கேட்டதற்கு அவரிடம் பதிலில்லை. சிபியுவோடு திரும்பி வந்ததுதான் மிச்சம். ஆனால் அந்தக் கேள்விதான் எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டியது.

ஜிமெயில் பக்கத்தின் அடியில், வலது ஓரத்தில், ‘டீடெயில்ஸ்’ என்று பொடி எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும். கைபேசிச் செயலியில் அது கிடையாது. அதைத் திறந்தால், கணக்கு அண்மையில் எந்தெந்த வழியாகத் திறக்கப்பட்டது என்ற பட்டியல் வரும். அதில் சென்னை, பெங்களூரு என்று ஊர்ப் பெயர்கள் இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். கைபேசி இணையத்தில் நாம் வீட்டிலேயே இருந்தாலும் இடம் அப்படிக் காட்டப்படுவது உண்டு. பார்க்க வேண்டியது திறந்த விதத்தை. தனி அஞ்சல் மென்பொருள் எதையும் பயன்படுத்தாத எங்கள் கணக்கில், அத்தகைய மென்பொருள் வழியாகக் கடிதங்களை இறக்கும் முறையான ‘ஐமேப்’ என்ற வரிகள் நின்றன.

அடுத்து, செட்டிங்ஸில் உள்ள ‘ஃபில்டர்ஸ்’ பகுதியைத் திறந்தபோதுதான் திருட்டு முழுதாகப் பிடிபட்டது. கொச்சி நிறுவனத்திலிருந்து வரும் எந்தக் கடிதமும் இன்பாக்ஸைத் தொடாமல், படித்ததாகக் குறிக்கப்பட்டு, குப்பைத் தொட்டிக்குப் போகும்படி ஒரு விதி எழுதி வைக்கப்பட்டிருந்தது. வரும் கடிதங்களின் நகலை வேறு முகவரிக்கு அனுப்பும் ‘ஃபார்வர்டிங்’ பகுதியில் முன்பின் அறியாத முகவரி ஒன்றும் இருந்தது. கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் இவை தாமாக அழியாது. குப்பைத் தொட்டியில் கடிதங்கள் 30 நாள் வரை இருக்கும் என்பதால், கணக்காளரின் பதில்கள் அனைத்தையும் அங்கிருந்தே மீட்டேன். பழைய கணக்கிலேயே பணம் போடலாமா என்று அவர் முன்பே கேட்டிருந்த கடிதமும் அவற்றில் இருந்தது.

அந்த விதியையும் முகவரியையும் கண்டவுடன் அழித்துவிடாதீர்கள். முதலில் திரையைப் படமெடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கப் போன அலுவலகத்தில், “பணம்தான் போகலையே, அப்புறம் எதுக்கு சார் புகார்?” என்று கேட்ட எழுத்தர், அந்த அச்சுப் பிரதியைக் கண்ட பிறகுதான் நாற்காலியைக் காட்டினார். அதன் பிறகும் போலிக் கடிதம் எங்கிருந்து, எந்த சர்வர்கள் வழியாக வந்தது என்பதைக் காட்டும் முழுத் தலைப்பு விவரம் (ஹெடர்) வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். வாட்ஸப் படம் அதற்கு உதவாது. கடிதத்தைப் பெற்றவர்தான் தம் அஞ்சல் பெட்டியில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் திறந்து, அதைக் கோப்பாக இறக்கி அனுப்ப வேண்டும். இந்த அலைச்சல் வேண்டாம் என்பவர்கள் சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் நேரடியாகவே பதியலாம். பணமும் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இப்போது எங்கள் பில்லின் அடியில், வங்கிக் கணக்கு மாற்றம் எதுவும் மின்னஞ்சலில் தெரிவிக்கப்படாது என்ற வரி அச்சாகிறது. கொச்சிக் கணக்காளர் அதையும் நம்பாமல் ஒவ்வொரு முறையும் அழைத்துக் கேட்டுவிட்டே பணம் போடுகிறார்.