சுரண்டுகிற வேலை

ஒஸ்லோவுக்கு வந்த புதிதில், பெயின்டர் என்றால் பிரஷ்ஷும் கையுமாக நிற்பவன் என்று நினைத்திருந்தேன். முதல் மூன்று கிழமை பிரஷ்ஷைக் கண்ணிலேயே காட்டவில்லை. மரவீட்டுச் சுவரில் உரிந்து நிற்கிற பழைய பெயின்டைச் சுரண்டு, தேய், கழுவு, காயவிடு. மழை வந்தால் சும்மா இரு.

ஓய்வுபெறுகிற வயதில் ஒரு நோர்வேக்காரர் எங்களோடு வேலை செய்தார். மத்தியானம் பாணும் சீஸுமாக உட்கார்ந்திருக்கும்போது ஒருநாள் கேட்டார்: "டிரான்மேலைத் தெரியுமா? அவரும் நம்ம தொழில்தான்." சரி, யாரோ பழைய பெயின்டர் என்று விட்டுவிட்டேன். இந்த நாட்டுத் தொழிற்கட்சியையே ஒரு காலத்தில் ஆட்டிவைத்த மனிதர் என்று பிறகுதான் தெரிந்தது.

மார்ட்டின் டிரான்மேல் 1879இல் மெல்ஹூஸில் பிறந்தவர். பெயின்டராக அமெரிக்காவுக்கும் போய், தொழிற்சங்கச் சூட்டோடு திரும்பினார். டிரொன்ட்ஹைமில் 'நீ தீட்', அதாவது 'புதிய காலம்' என்ற பத்திரிகையில் எழுதி, பிறகு அதற்கே ஆசிரியரானார். பகலெல்லாம் சுவரைச் சுரண்டியவர் அப்புறம் சுரண்டலைப் பற்றி எழுதினார். இந்தச் சிலேடை தமிழில்தான் வரும். பெரியவருக்கு எவ்வளவு விளக்கியும் சிரிப்பு வரவில்லை.

முதல் உலகப் போருக்கு முன் டிரான்மேல் பேசிய ஒரு பேச்சு மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. வேலைநிறுத்தக்காரர்கள் பாறைத் துளைகளில் கொஞ்சம் டைனமைட்டை விட்டுப்போனால் கருங்காலிகள் கிட்ட வருவார்களா என்ற பொருளில் பேசிவிட்டார். கருங்காலியும் கூலிக்காரன்தானே? ஏணியை ஒருவன் விளையாட்டுக்கு ஆட்டினாலே எனக்கு வயிறு கலங்கும். பெரியவரிடம் சொன்னேன். "பேச்சுத்தானே" என்றார். அதே டிரான்மேல் 1938 முதல், டைனமைட்டைக் கண்டுபிடித்த நோபெலின் பெயரால் சமாதானப் பரிசு கொடுக்கும் குழுவில் இருந்தார்!

1918இல் கட்சிச் செயலாளர். 1919இல் கட்சி மாஸ்கோவின் அகிலத்தில், அதாவது கம்யூனிஸ்ட் கட்சிகளின் உலகக் கூட்டமைப்பில், சேர்ந்தது, 1923இல் வெளியேறியது. 1924இல் இராணுவ வேலைநிறுத்தத்துக்கு, அதாவது கட்டாய இராணுவச் சேவையை மறுப்பதற்கு, அழைப்பு விடுத்ததற்காகச் சிறை. நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு தவணைதான். 1935இல் நீகோர்ட்ஸ்வோல்ட் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது இவர் மந்திரியாகவில்லை. 1921இல் ஏற்ற கட்சிப் பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியிலேயே, போர்க்கால இடைவெளி தவிர, 1949 வரை இருந்தார்.

பெரியவருக்கு டிரான்மேலிடம் பிடித்தது இதுதான். பெரியவரும் மேற்பார்வை வேலை இரண்டு தடவை வந்தும் வேண்டாம் என்றவர். அடுத்த வருடம் அதே வேலையை என்னிடம் கேட்டார்கள். வீட்டுக் கடன் இருந்தது, ஒத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, சுரண்டுகிற தகடு மழுங்கிவிட்டது, புதிதாக வாங்கித் தா என்றார்.