அலுமினாத் தகட்டில் மை காட்டிய கோடு

ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து வந்த ஓர் ஆர்டருக்காக, காட்பாடியில் உள்ள எங்கள் பட்டறையில் 2 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினா (அலுமினியம் ஆக்சைடைப் பீங்கான்போல் சுட்டுச் செய்யும் செராமிக்) தகடுகளில் சதுரத் துளைகளை லேசரால் வெட்டினோம். அன்று மாலை விளிம்புகள் மெழுகு பூசியதுபோல் பளபளத்தன. மறுநாள் காலையில் ஒரு தகட்டின்மேல் நீல மையைத் தடவி, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். நன்றாகச் சுட்ட அலுமினா மையை உறிஞ்சாது என்பதால் தகடு மீண்டும் வெளுத்துவிட்டது. ஆனால் துளையின் ஒரு மூலையிலிருந்து மட்டும் மயிரிழை போன்ற நீலக் கோடு ஒன்று உள்ளே ஓடியிருந்தது. மை இறங்கியிருந்தது விரிசலுக்குள். அதைக் கண்டதும் நெஞ்சு திக்கென்றது.

பொருள்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் அலுமினாவுக்கு 9. வைரச் சக்கரம்கூட அதை மெல்லத்தான் அறுக்கும். லேசருக்கோ அந்தக் கடினம் ஒரு பொருட்டே அல்ல. 1964இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் ஒளியை அலுமினா நன்றாக உள்வாங்கி, ஏறத்தாழ 2,050 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஊதி வெளியேற்றியது போக விளிம்பில் ஒட்டி நின்ற உருகல் உறையும்போது சுருங்கப் பார்க்கிறது. ஒட்டியுள்ள குளிர்ந்த பகுதி அதற்கு இடம் தருவதில்லை. இரும்பாக இருந்தால் சற்றே நெளிந்து அந்த இழுவிசையைத் தாங்கிக்கொள்ளும். செராமிக்குக்கு நெளியத் தெரியாது, விரிசல் விட மட்டுமே தெரியும். கூர்மையான மூலையில் அந்த இழுவிசை குவிவதால் விரிசலும் அங்கேதான் பிறக்கிறது. சிர்கோனியா என்னும் வேறொரு செராமிக் இன்னும் சிரமமானது: அலுமினா கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே அது கடத்துவதால், சூடு வெட்டிய இடத்திலேயே தங்கிவிடுகிறது.

தவறு எங்களுடையது. லேசர் கற்றையைத் தொடர்ச்சியாக ஓட்டி, நேரத்தை மிச்சப்படுத்தப் பார்த்திருந்தோம். அடுத்த முறை கற்றையைக் குறுகிய துடிப்புகளாகப் பிரித்து, இடையிடையே தகடு ஆற அவகாசம் கொடுத்தோம். முதல் துளையைக் கழிவாகப் போகும் பகுதியில் போட்டு, அங்கிருந்து வெட்ட வேண்டிய கோட்டுக்கு வந்தோம். வாடிக்கையாளரின் சம்மதத்தோடு மூலைகளையும் சற்று வளைத்துக்கொண்டோம்.

நேர்கோட்டில் துண்டாக்க வேண்டிய இடங்களில் முழுக்க வெட்டுவதே தேவையில்லை. கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு வரிசையாகச் சிறு குழிகளை இட்டு, பிறகு அந்தக் கோட்டில் ஒடித்தால் போதும். வேலூர்ப் பக்கத்துக் கல் குவாரிகளில் கருங்கல்லில் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கிப் பிளப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த முறை தொடக்கத்திலிருந்தே மனத்துக்கு நெருக்கமானது.

இரண்டாம் முறை வெட்டிய எல்லாத் தகடுகளுக்கும் மை தடவிப் பார்த்தோம். ஒன்றிலும் நீலம் தங்கவில்லை. வேலை முன்பைவிட இருமடங்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்துக்கான கூலியை வாடிக்கையாளரிடம் கேட்கவில்லை.