வெள்ளைத் தசைநார்: அட்டவணையை மூடி வைத்துப் படித்தது

நீட் பாடத்தில் தசையை உருவாக்கும் சிவப்பு நார், வெள்ளை நார் என்ற இரண்டு வகை இழைகளின் வேறுபாடு சின்னப் பகுதிதான். ஆனால் தேர்வு அறையில் நிறையப் பேர் தடுமாறும் இடமும் அதுவே. அட்டவணையை நெட்டுருப் போட்டால் 'அதிகம்', 'குறைவு' இரண்டும் கடைசி நேரத்தில் இடம் மாறிவிடும். நான் அட்டவணையை மூடிவிட்டு, வெள்ளை நாருக்கு என்ன வேலை என்பதிலிருந்து தொடங்கினேன். அதன் வேலை திடீர் வேகம்.

நூறு மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 விநாடியில் ஓடி முடித்தார். ரத்தம் போதுமான ஆக்சிஜனைக் கொண்டுவரும் வரை தசை காத்திருக்க அதில் நேரமில்லை. தசைக்கு நேரடியாக ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி, கையிருப்பில் உள்ளது ஓரிரு விநாடியில் தீரும். உடனே ஏடிபியை மீண்டும் உருவாக்க உதவும் கிரியாட்டின் பாஸ்பேட் கைகொடுக்கும். கூடவே தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன் ஆக்சிஜன் இல்லாமலே சிதைந்து லாக்டிக் அமிலமாகும். ஆக்சிஜனை நம்பியிராத நாருக்கு அதைப் பிடித்துவைக்கும் சிவப்பு நிறப் புரதமான மயோகுளோபின் எதற்கு? குறைவு. நிறம் வெளிறியிருப்பது அதனால்தான். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் குறைவு, ரத்த நுண்நாளங்களும் குறைவு.

இதே வேகத்தில் போனால், நாருக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் வலைப்பின்னலான சார்கோபிளாஸ்மிக் ரெடிக்குலத்துக்கும் கை தானாகக் 'குறைவு' என்று குறித்துவிடும். பொறி இங்கேதான். தசை சுருங்க வேண்டுமானால் கால்சியம் அயனிகள் அந்த வலைப்பின்னலிலிருந்து வெளியே வர வேண்டும். தளர வேண்டுமானால் திரும்ப உள்ளே போக வேண்டும். சட்டென்று சுருங்கிச் சட்டென்று தளரும் நாருக்கு இந்த வலைப்பின்னல் தாராளமாக இருந்தாக வேண்டும். ஆகவே வெள்ளை நாரில் இது அதிகம். தசையைச் சுருக்கும் புரதமான மயோசினின் தலையிலுள்ள, ஏடிபியைச் சிதைக்கும் ஏடிபியேஸ் நொதியும் வேகமாக வேலை செய்யும்.

சந்தேகம் வந்தால் எனக்குக் கறிக்கடைதான் விடைத்தாள் (சைவர்கள் பொறுத்தருள்க). கோழியின் நெஞ்சுக்கறி வெளுப்பு, கால்கறி சிவப்பு. கோழி நாள் முழுக்க நடக்கிறது. இறக்கையை அடிப்பதோ பூனையைக் கண்டு சுவரேறும் நொடியில் மட்டும். வெகுதூரம் பறக்கும் புறாவுக்கு நெஞ்சுத் தசையே கருஞ்சிவப்பு.

வேகமான நார் எல்லாமே வெள்ளை அல்ல. வேகமாகச் சுருங்கினாலும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இடைப்பட்ட வகை ஒன்று உண்டு. அதில் மயோகுளோபினும் மைட்டோகாண்ட்ரியாவும் கணிசமாகவே இருக்கும். கேள்வியில் 'வெள்ளை நார்' என்றிருந்தால் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறும் கிளைக்கோலைடிக் வகையை மனதில் வைத்துப் பதில் குறியுங்கள். கூற்று–காரணம் வகையில் 'வெள்ளை நார் சீக்கிரம் களைக்கும். மைட்டோகாண்ட்ரியா அதிகம் என்பதே காரணம்' என்பதுபோல் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் வரலாம். காரணத்தை முதலில் தனியாகச் சரிபாருங்கள், அப்புறம் கூற்றுக்கு வாருங்கள்.