5,000 அடியில் ஏன் நிற்கவில்லை: ஆட்டோபைலட்டை மாதிரிச் சோதனைக்கு உட்படுத்திய அனுபவம்

ஆட்டோபைலட்டால் விமானிக்கு ஏற்படும் குழப்பத்தை, விமானம் பறக்கும் முன்பே, வடிவமைப்பை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் என் முதுநிலை ஆய்வின் கேள்வி. நாசா ஏம்ஸ் மையத்தின் ஆய்வாளர் எவரெட் பாமர் 1995-இல் விவரித்த, எம்டி-88 பயணிகள் விமானத்தின் நிகழ்வை அதற்காக எடுத்துக்கொண்டேன். சிமுலேட்டரில் 5,000 அடியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த விமானத்தின் ஆட்டோபைலட், அந்த உயரம் நெருங்கியதும் தானாகவே உயரத்தைப் பிடிக்கும் முறைக்கு (mode), அதாவது அங்கே ஏற்றத்தை நிறுத்திச் சமநிலைக்கு வரும் செயல்நிலைக்கு, மாறியது. அச்சமயம் கேப்டன் செங்குத்து வேகத்தை மாற்றியமைக்க, பிடிப்பு ரத்தாகி, பலகத்தில் 5,000 என்ற எண் அப்படியே இருக்க, விமானம் அதைக் கடந்து ஏறியது.

இதே நிகழ்வைக் கணினி அறிவியலாளர் ஜான் ரஷ்பி, மர்ஃபி என்னும் மாதிரிச் சோதனைக் கருவியால் ஆராய்ந்திருந்தார். ஓர் அமைப்பின் மாதிரி அடையக்கூடிய எல்லா நிலைகளையும் கணினியே துழாவி, விதித்த நிபந்தனை எங்காவது மீறப்படுகிறதா என்று பார்ப்பதே மாதிரிச் சோதனை (model checking). அவர் வழியில் நானும் இரண்டு நிலைப்பொறிகளை, அதாவது எந்த நிலையிலிருந்து எப்போது எந்த நிலைக்கு மாறும் என்று சொல்லும் விதித்தொகுப்புகளை, எழுதினேன். ஒன்று ஆட்டோபைலட்டின் உண்மையான நடத்தை. மற்றொன்று விமானி அதைப் புரிந்துகொண்டிருக்கும் விதம். முதலாவதைக் கையேட்டிலிருந்து எடுக்கலாம். இரண்டாவதுதான் கடினம், ஏனெனில் அது எந்த ஆவணத்திலும் இல்லை. நான் பேசிய விமானிகள் சொன்னது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: "உயரத்தை வைத்துவிட்டால் அது பிடித்துவிடும்." அனுபவம் தந்த அந்த நம்பிக்கையை எளிமையானது என்று ஒதுக்காமல் அப்படியே எழுத வேண்டும் என்பதே இந்த முறையின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

காற்றியக்கக் கணக்குகளை விட்டுவிட்டு, உயரத்தை 'தொலைவு', 'அருகில்', 'எட்டியது' என மூன்றாகச் சுருக்கினேன். விமானி பிடிப்பை எதிர்பார்க்கும்போதெல்லாம் ஆட்டோபைலட் பொறியும் அதற்குத் தயாராகவோ, பிடித்துக்கொண்டோ இருக்க வேண்டும் என்பதே நான் விதித்த நிபந்தனை. கருவி எல்லா நிலைகளையும் துழாவி, எம்டி-88-இல் நடந்த அதே நிகழ்வு வரிசையை, நிபந்தனை மீறப்படுவதற்கான எதிர்ச்சான்றாகக் காட்டியது. நிகழ்வை நான் அதனிடம் சொல்லியிருக்கவில்லை. விதிகளை மட்டுமே கொடுத்திருந்தேன்.

வேகத்தை மாற்றினாலும் பிடிப்புக்கான தயார்நிலை நீங்கக் கூடாது என விதியைத் திருத்தினேன். இம்முறை வேறொரு சிக்கல் வெளிப்பட்டது: உயரம் அருகிலேயே இருப்பதால் பொறி மறுகணமே பிடிக்கும் முறைக்குத் திரும்பி, விமானி இட்ட கட்டளையை விழுங்கிவிடுகிறது. ஒரு திருத்தம் இன்னொரு வியப்பை உண்டாக்குகிறதா என்பதை விமானத்துக்காக உலோகத்தை வெட்டும் முன்பே அறிய முடிவதுதான் எனக்கு இம்முறையில் மிகவும் மதிப்புக்குரியது.

ஆனால் ஆட்டோபைலட்டின் நிலையை விமானிக்குக் காட்டும் திரையை மாதிரியில் சேர்க்காதவரை இது போதாது. 1992 ஜனவரி 20 அன்று ஸ்ட்ராஸ்பர்க் அருகே மலையில் மோதிய ஏ320 பயணிகள் விமான விபத்தில் 87 பேர் இறந்தனர், 3.3 பாகை இறக்கக் கோணமாக எண்ணியது நிமிடத்துக்கு 3,300 அடி இறக்கமாகச் செயல்பட்டிருக்கலாம் என்பது விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டது. ஆட்டோபைலட் கோண முறையில் இருந்தாலும் இறங்கு வேக முறையில் இருந்தாலும் அந்தத் திரையில் எண்கள் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருந்தன. ஆகவே திரையை மூன்றாவது பொறியாகச் சேர்த்து, தானாக நிகழும் ஒவ்வொரு செயல்முறை (mode) மாற்றமும் அதில் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையையும் இப்போது சோதித்துவருகிறேன்.