300 வீட்டுக்கு மளிகைப் பை: வெள்ள நிவாரணத்தில் பணம் திரட்டியது முதல் கணக்கு முடித்தது வரை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை ஊரையே புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அந்த மாதக் கடைசியில் ஆற்றோரத்து ஊர்கள் இரண்டில் மளிகைப் பை கொடுக்கும் வேலையைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து எடுத்துச் செய்தோம். அடுத்த மழைக்கு இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடைமுறையை இங்கே எழுதி வைக்கிறோம்.

முதல் வேலை வீடுகளை எண்ணுவது. பணம் கேட்பது அதற்குப் பிறகுதான். பெரும்பாலான குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் வசூல், பிறகு கிடைத்த பணத்துக்குப் பொருள், கடைசியில் "எங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்" என்று தேடல். அப்படிப் போகும் வண்டி நெடுஞ்சாலையோரத்து ஊரிலேயே காலியாகிவிடும். உள்ளே இருக்கும் ஊருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

தெருவுக்கு இரண்டு பேர் போனோம். ஒருவர் எங்கள் ஆள், இன்னொருவர் அந்த ஊர் அங்கன்வாடி அக்காவோ மகளிர் குழு அக்காவோ. ரேஷன் கார்டை வைத்து எண்ணினால் பட்டியலில் ஓட்டை விழும். வாடகைக்கு இருப்பவர்களின் கார்டு வேறு ஊரில் இருக்கும். வாழைத்தோட்ட வேலைக்கு வந்து குடிசை போட்டிருப்பவர்களிடம் கார்டே இருக்காது. ஒரே கார்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமாகத் தனித்தனியே சமைப்பார்கள். அதனால் அடுப்பைக் கணக்கில் எடுத்தோம். எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், அடுப்பு எரிகிறதா, வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் இருப்பவரோ உண்டா: மூன்றே கேள்வி. ஆதார் நகல் வாங்கவில்லை. அது நமக்குத் தேவையும் இல்லை, பத்திரமாக வைத்திருக்க வழியும் இல்லை.

அடுப்பு எரிகிறதா என்ற கேள்வியைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். தண்ணீர் வடிந்த முதல் மூன்று நாளில் அடுப்பும் சிலிண்டரும் சேற்றில் கிடக்கும். அப்போது அரிசி கொடுத்துப் பயனில்லை. குடிநீர், பிரெட், பிஸ்கட், பால் பவுடர், மெழுகுவத்தி, தீப்பெட்டி ஆகியவைதான் உதவும். சமைத்த சாப்பாடு கொண்டுபோனால் பொங்கியதிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் இலையில் விழ வேண்டும். சூட்டோடு மூடிக் கட்டிய சாம்பார் சாதம் மதியத்துக்குள் ஊசிப்போகும். மளிகைப் பைக்கான நேரம் அதற்கடுத்த வாரம்தான் வரும்.

எண்ணியதில் 285 அடுப்பு வந்தது. விட்டுப்போனவர்களுக்காக இருபதுக்கு ஒன்று என்று கூட்டி 300 பை என முடிவு செய்தோம்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்குப் பட்டியல் போட்டோம். புழுங்கல் அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, சமையல் எண்ணெய் 1 லிட்டர், சர்க்கரை 1 கிலோ, உப்பு 1 கிலோ, ரவை அரை கிலோ, மிளகாய்த்தூள், மல்லித்தூள் 100 கிராம் வீதம், மஞ்சள்தூள் 50 கிராம், தேயிலை 100 கிராம், குளியல் சோப்பு ஒன்று, துணி சோப்பு ஒன்று, நாப்கின் ஒரு பாக்கெட், கொசுவத்தி, மெழுகுவத்தி, தீப்பெட்டி. அரிசியைப் பத்து கிலோவாக ஏற்றச் சொல்லிப் பலர் வற்புறுத்துவார்கள். தமிழ்நாட்டில் கார்டுக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ரேஷன் கடை திறந்துவிட்டால் அரிசித் தட்டுப்பாடு முதலில் தீரும். பருப்புக்கும் எண்ணெய்க்கும்தான் கையில் காசு இருக்காது. வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் இடமென்றால் அரிசியைக் குறைத்துக் கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் சேர்க்க வேண்டும்.

மொத்த வியாபாரக் கடை விலையில் ஒரு பை ஏறத்தாழ 900 ரூபாயில் அடங்கியது. சாக்குப்பை, வண்டி வாடகை, ஏற்றுகூலி எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். ஆக இலக்கு 3 லட்சம். இந்த வண்டிச் செலவை விட்டுவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் கடைசி நாளில் கைக்காசைப் போட வேண்டிவரும்.

வசூலுக்குத் தனிநபர் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தவே கூடாது. நாள் முழுக்க முகம் தெரியாத நூறு பேரிடமிருந்து யுபிஐயில் பணம் விழுந்தால் வங்கி சந்தேகப்பட்டு நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நிறுத்தாவிட்டாலும் அது அவருடைய சொந்த வருமானமா, பொதுப் பணமா என்று பின்னால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் கணக்கில் பணம் விழ வேண்டும், செலவுக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். சொந்தமாக அறக்கட்டளை இல்லாதவர்கள் புதிதாகப் பதிவு செய்து, பான் வாங்கி, வரிவிலக்கு பெற்று வருவதற்குள் அடுத்த மழையே வந்துவிடும். ஏற்கெனவே இயங்கும் நம்பகமான அறக்கட்டளையோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்வது நல்லது.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற 80ஜி ரசீது கேட்பார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. பணத்தை வாங்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவரின் பெயர், முகவரி, பான் எண்ணை அன்றன்றே குறித்துக்கொள்ளுங்கள். 2023-24 நிதியாண்டுக்கு அறக்கட்டளை அந்த விவரங்களைப் படிவம் 10பிடியில் 2024 மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. அதன் பிறகே கொடையாளர்களுக்கு வரிச் சலுகைக்கான 10பிஇ சான்று கிடைக்கும். இதை ரசீதிலேயே அச்சிட்டுவிட்டால் மார்ச் மாதம் முழுக்கத் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம்.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம் தேவை. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. எனவே வெளிநாட்டு வாட்ஸ்அப் குழுக்களில் வேண்டுகோளைப் போடும்போது "இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டும்" என்று முதல் வரியிலேயே எழுதினோம்.

வேண்டுகோள் சுருக்கமாக இருக்கட்டும். எந்த ஊர்ப்பக்கம், எத்தனை வீடு, பையில் என்னென்ன, ஒரு பை எவ்வளவு, எந்தத் தேதியில் வசூல் முடிகிறது, மிச்சம் வந்தால் எதற்குப் போகும். "தாராளமாக உதவுங்கள்" என்றால் வாசித்துவிட்டுக் கடந்துபோவார்கள். "ஒரு வீட்டுக்கு 1,000 ரூபாய்" என்றால் ஒரு வீட்டை, இரண்டு வீட்டை ஏற்றுக்கொள்கிறார்கள். பழைய துணி வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிட வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழைய துணி மலைபோல் கிடந்தது. பிரிக்க ஆளில்லை, போட்டுக்கொள்ள யாருக்கும் மனமில்லை. வீடு இழந்தவருக்குக் கிழிந்த சட்டையைக் கொடுப்பது அவரைப் புண்படுத்தும்.

கொள்முதலில் ஒரு நுணுக்கம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதனால் அரிசி மண்டிகளில் 26 கிலோ மூட்டை புழக்கத்தில் இருக்கிறது. வரி மிச்சமாவதோடு, பிரிப்பதற்கும் அது வசதி. ஒரு மூட்டையில் ஐந்து கிலோ பாக்கெட் ஐந்து போட்டு ஒரு கிலோ மிஞ்சும். 60 மூட்டையில் 300 பாக்கெட். மிஞ்சும் 60 கிலோவில் சிந்தியது, தராசில் கூடப் போனது எல்லாம் கழித்தாலும் எட்டுப் பத்து பாக்கெட் தேறும். பருப்பும் சர்க்கரையும் கடைக்காரரையே ஒரு கிலோவாகக் கட்டித் தரச் சொல்வது மேல். மூட்டையாக வாங்கி நாமே நிறுத்தால் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் மிச்சமாகும், ஆனால் அரை நாள் போய்விடும், எடையும் ஒன்றுபோல் வராது. எல்லா பில்லும் அறக்கட்டளை பெயரில் இருக்க வேண்டும்.

பை கட்ட கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று கூரையும் சிமென்ட் தரையும் உள்ள இடம் வேண்டும். 18 பேர் இருந்தால் 300 பையை மூன்று மணி நேரத்தில் முடிக்கலாம். நீள மேசை போட்டு ஆளுக்கு ஒரு பொருள், பை மட்டும் கை மாறி நகர வேண்டும். ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு குவியலாகச் சுற்றினால் ஒரு பையில் உப்பு இரண்டு விழும், இன்னொன்றில் இருக்காது.

இதைப் பிடிக்க எளிய வழி, வரிசைக் கடைசியில் ஒரு எலக்ட்ரானிக் தராசு. முதல் ஐந்து பையைப் பிரித்துச் சரிபார்த்து நிறுத்தால் ஒரு பை சுமார் பத்தேகால் கிலோ வந்தது. அதற்கு ஒரு கிலோ குறைந்தால் பருப்போ உப்போ சர்க்கரையோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். மஞ்சள்தூள், தேயிலை போன்ற சின்னப் பொருள்கள் விட்டுப்போனால் தராசு காட்டிக்கொடுக்காது. அதனால் சின்னதையெல்லாம் முந்தின நாளே ஒரு கவரில் போட்டு ஒட்டிவிட வேண்டும். சோப்பை அந்தக் கவரில் சேர்க்கக் கூடாது, தனிக் கவர் போட வேண்டும். இல்லாவிட்டால் தேயிலையிலும் ரவையிலும் சோப்பு வாசம் ஏறிவிடும். எண்ணெய் பாக்கெட்டையும் தனிக் கவரில் முடிச்சுப் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒரு பாக்கெட் ஒழுகினால் அடியில் இருக்கும் நாலு பை கெடும். வண்டியில் நாலு அடுக்குக்கு மேல் ஏற்றினாலும் இதுதான் நடக்கும்.

மொத்தம் மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஊர் எல்லை வரை ஒரு லாரி, அங்கிருந்து தெருவுக்குள் குட்டியானை. குட்டியானையில் முக்கால் டன்தான், அதாவது எழுபது பை. வெள்ளத்தில் அரித்த சாலையில் அறுபதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி டோக்கன். இந்த வேலையில் உயிர் போகும் இடம் இதுதான். 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கன் வாங்க விடியும் முன்பே பள்ளி வாசலில் கூடிய மக்கள் நெரிசலில் சிக்கி 42 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் இலவச வேட்டி சேலைக்கான டோக்கன் வாங்க வந்த இடத்தில் நான்கு பெண்கள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் மக்கள் டோக்கனைத் தேடி ஓரிடத்துக்கு வந்தார்கள். டோக்கன்தான் மக்களைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டும். பொங்கல் பரிசுத் தொகுப்புக்கு ரேஷன் கடைக்காரர்கள் வீடுவீடாக வந்து நாள், நேரம் குறித்துக் கொடுக்கிறார்களே, அதே முறைதான்.

எண்ணிய அதே இரண்டு பேர் அதே தெருவுக்குப் போய், வரிசை எண்ணும் முத்திரையும் உள்ள டோக்கனைக் கையில் கொடுத்து, பட்டியலில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினார்கள். தெருவுக்கு ஒரு நிறம். வெள்ளைத் தாளில் அச்சடித்தால் ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள். வண்ண அட்டையில் மையால் எண் எழுதி, பாதியைக் கிழித்து நாம் வைத்துக்கொள்ள வேண்டும். கால் மணி நேரத்துக்கு 25 டோக்கன், அதற்கு மேல் இல்லை. உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறு வழி. ஒரே கேட்டில் இரண்டும் நடந்தால் பத்து கிலோ பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் பெரியம்மா, உள்ளே நுழைபவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வார். நடக்க முடியாதவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் விநியோகம் தொடங்கும் முன்பே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

டோக்கன் இல்லாமல் நிச்சயம் சிலர் வருவார்கள். வரிசையில் வைத்துத் திட்டி அனுப்பக் கூடாது, "பார்க்கலாம், நில்லுங்கள்" என்று சொல்லவும் கூடாது. பார்க்கலாம் என்ற சொல் பத்து நிமிடத்தில் ஐம்பது பேரைக் கூட்டிவிடும். பெயரையும் தெருவையும் தனி நோட்டில் எழுதி, மாலையில் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பி, சொன்னபடி போக வேண்டும். கூடுதல் 15 பையும் அரிசி மிச்சத்தில் தேறியவையும் அதற்குத்தான். மேடை, மைக், மாலை எதுவும் வேண்டாம். பிரமுகர் ஒருவர் தொடங்கிவைப்பார் என்று காத்திருந்தால் முதல் மூன்று நேரப் பிரிவும் ஒன்றாகக் கூடிவிடும். பை வாங்குபவரின் முகத்தைப் படம் எடுக்க அனுமதிக்கவில்லை. கொடையாளர்களுக்கு மூட்டை, பில், அடுக்கிய பை இவற்றின் படங்களை அனுப்பினோம், யாரும் குறை சொல்லவில்லை.

தொண்டர்கள் தங்கள் சாப்பாட்டையும் தண்ணீரையும் தாங்களே கொண்டுபோக வேண்டும். வெள்ளம் வடிந்த ஊரில் ஊர்க்காரர்களிடம் தண்ணீர் கேட்டுக் குடிக்கும் நிலை வரக் கூடாது. சேற்றில் இறங்க கம்பூட்ஸ் கட்டாயம். காலில் புண் இருப்பவர்களை இறக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். போகும் முன் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விநியோகம் முடிந்த மூன்றாம் நாள் வரவு, செலவு, பில் படங்கள், மிச்சத் தொகை எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டு எல்லாக் குழுவுக்கும் அனுப்பிவிட்டோம். பத்து நாள் கழித்து அதே தெருக்களில் இருபது வீட்டில் எது தீர்ந்தது, எது கிடக்கிறது என்று கேட்டோம். எண்ணெயும் பருப்பும் ஆறாம் நாளே தீர்ந்திருந்தன. ரவை பல வீட்டில் பிரிக்காமல் இருந்தது. துணி சோப்பு ஒன்று போதவே இல்லை, சேறு அப்பிய துணிக்குக் குறைந்தது நான்கு வேண்டும் என்றார்கள். அடுத்த பட்டியலில் ரவையை எடுத்துவிட்டு எண்ணெயை இரண்டு லிட்டராக்கி, சோப்பு நான்கும் கோரைப்பாய் ஒன்றும் எழுதி வைத்திருக்கிறோம்.