பாத்ரூம் டீ

நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டு டீத்தண்ணி பாத்ரூமில் கொதித்தது.

எல்லாம் இங்கிலாந்தில், லெஸ்டரிலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய கெட்டிலால் வந்தது. கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளப்பு. பிளக்கில்தான் வினை. மூன்று தட்டைப் பின்கள், ஒவ்வொன்றும் களி கிண்டும் துடுப்பு போல. நம் சுவரிலோ மூன்றும் உருண்டை ஓட்டை. அந்த உருண்டையும் வெள்ளைக்காரன் கொடுத்ததுதான். 1947-ல் நம் கையில் சுதந்திரத்தையும் தன் பழைய பிளக்கையும் கொடுத்துவிட்டு, அதே வருஷம் தனக்கு மட்டும் தட்டைப் பின்னாகப் புதுசு போட்டுக்கொண்டான். வழக்கம்போல.

ரவுண்டானா பக்கம் போய் எண்பது ரூபாய்க்கு ஒரு அடாப்டர் வாங்கினேன். "எல்லா நாட்டு பிளக்கும் போவும் சார்" என்றார் கடைக்காரர். போனது. ஆனால் கெட்டில் 3000 வாட், 13 ஆம்பியர் இழுக்கும். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 6 ஆம்பியர். தண்ணீர் முனகத் தொடங்குவதற்குள் கருவாடு தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எவள் வீட்டில் கருவாடு என்று அம்மா வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிளக்கே இல்லாத ஒயரைத் தீக்குச்சி வைத்துச் செருகி முப்பது வருஷம் டேபிள் ஃபேன் ஓட்டியவர். கட்டிங் பிளேயரை எடுத்து ஒரே கடியில் லண்டன் தலையைத் துண்டித்துவிட்டு, நம்ம ஊர்ப் பெரிய த்ரீ பின் டாப்பை மாட்டினார். வெட்டியதை நோண்டினால் உள்ளே ஒரு குட்டி பியூஸ்.

"பிளக்குக்குள்ள பியூஸா? அப்ப மெயின்ல என்னத்த வெச்சிருக்கான்?"

அங்கே ஒயரை வீட்டைச் சுற்றி வளையமாக ஓட்டி 32 ஆம்பியர் விடுவார்கள், அதனால் பிளக்குக்குப் பிளக்கு தனி பியூஸ் என்றேன்.

"செம்ப மிச்சம் புடிச்சிருக்கான், கஞ்சப்பய."

உண்மையும் அதுதான். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த நேரம், செம்புக்குத் தட்டுப்பாடு. போன வருஷம் அங்கே போய் மூன்று மாசம் இருந்துவிட்டு வந்ததில் அப்பாவுக்கு அந்த ஊர் சுவிட்ச்போர்டு மேல் ஒரு பகை. நம்ம சார்ஜர் போகாமல் ஓட்டைக்கு உள்ளே மூடி அடைத்திருக்கும். மேல் ஓட்டையில் நீளமான எர்த் பின் இறங்கினால்தான் திறக்கும். இவர் பேனாவை விட்டுத் திறந்து சார்ஜ் போட்டார். பார்த்த மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது.

சரி, பிளக் மாட்டியாச்சு. பெரிய பாயிண்ட் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று, கீசருக்கு. கவிழ்த்த பக்கெட் மேல் கெட்டில் ஏறி உட்கார்ந்தது. இரண்டே நிமிஷத்தில் தளதளவென்று கொதி. அம்மா மட்டும் அந்த டீயைத் தொடவில்லை.

இன்று காலை அக்கா ரூமில் டொக் டொக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்திக்கொண்டிருக்கிறார். கட்டிலெல்லாம் சிமெண்ட் தூள். எந்த நாட்டு பிளக்கும் போகிற மாதிரி புது பாயிண்டாம்.

"மாங்கா சீசனுக்கு வர்றாள்ல. புள்ள சார்ஜரக் கையில வெச்சிக்கிட்டு அடாப்டர் தேடி அலையணுமா?" என்றார் அப்பா.

"அப்ப கெட்டிலையும் இங்கயே வெச்சுக்கலாமே?"

"அதுக்கு என்னடா, பாத்ரூம் இருக்குல்ல" என்றார்.